பதினோரு மில்லிமீட்டர்

ஜூன் 11, செவ்வாய்

ஒன்பது நாளுக்குப் பிறகு இன்று குழாயில் தண்ணீர் வந்தது. தொட்டி பாதி நிறைவதற்குள் நின்றுவிட்டது. சமையலறைக் குழாயில் வாஷர் தேய்ந்து சொட்டிக்கொண்டிருந்தது, மாற்றினேன். அறுபத்தெட்டு வயதில் இதற்கெல்லாம் பிளம்பரைக் கூப்பிடலாம் என்கிறாள் கனகமணி. கை நடுங்காத வரை கூப்பிடுவதாக இல்லை.

பதினொரு மணிக்கு ஒரு போன். வாணியம்பாடியிலிருந்து இம்தியாஸ் என்பவர். பல் டாக்டராம். பழைய ரிமோட் பொம்மைக் கார்களைச் சேர்த்து வைப்பவர்களுக்கு ஒரு சங்கம் மாதிரி இருக்கிறதாம், அதில் முக்கியமானவர் போலிருக்கிறது. "மின்னல் காரை டிசைன் பண்ணின நஞ்சப்பன் சார் நீங்கதானே?" என்று கேட்டார்.

அந்தக் காரின் பெயரை என்னிடம் யாரும் சொல்லி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. குறிச்சிப் பக்கம் நானும் கனகமணியும் வேலை பார்த்த கம்பெனி 1987 தீபாவளிக்கு விட்ட கார். அடுத்த வருடமே நிறுத்திவிட்டார்கள். கம்பெனியும் இல்லை, முதலாளியும் இல்லை. வரைபடம் முழுக்க என்னுடையது.

ஆமாம் என்றேன். வியாழக்கிழமை விரிவாகப் பேசுகிறேன் என்றார். யாரென்று கனகமணி கேட்டாள். பழைய சிநேகிதர் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 13, வியாழன்

ஒரு மணி நேரம் பேசினார். மரியாதையான மனிதர். ஆனால் சொன்னதெல்லாம் மரியாதையாக இல்லை.

இவர்கள் கூட்டத்தில் ஜப்பான் கார்களுக்குத்தான் கிராக்கி. இந்தியாவில் செய்தவற்றையும் சிலர் தேடுகிறார்கள். மின்னலை மட்டும் யாரும் தொடுவதில்லையாம். இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்கிறார்களாம். ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

முன்சக்கரத்தைத் தாங்கும் கையை நேராகப் பிளாஸ்டிக் தளத்திலேயே திருகியிருக்கிறதாம். சுவரில் ஒரு தடவை இடித்தால் தளத்தோடு பிய்ந்து வருகிறது. பல்சக்கரப் பெட்டிக்கு மூன்றே திருகாணி, அதனால் பெட்டி வாய் பிளந்து மண் ஏறிவிடுகிறது. சுவிட்சை வண்டியின் அடிவயிற்றில் வைத்திருக்கிறீர்கள், அணைக்க மறந்துபோகிறது என்றார். இவற்றையெல்லாம் சேகரிப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்களாம். பெரிய ஜப்பான் கார்களிலும் இப்படிக் குறை உண்டாம்.

பொறுக்க முடியாதது சூடு. வேகத்தைக் குறைப்பதற்காக ஒரு சுருள்கம்பி வைத்திருந்தோம். மெதுவாக ஓட்டும்போது மின்சாரம் அதன் வழியாகப் போகும், அது சூடாகும். அந்தக் கம்பி பேட்டரித் தட்டுக்கு நேர் கீழே இருக்கிறது. ஓடிய வண்டி எல்லாவற்றிலும் தட்டு உருகியிருக்கிறது என்றார். "ஓடாம பெட்டிக்குள்ள இருந்த வண்டி மட்டும்தான் சார் உருகாத வண்டி. எங்க குரூப்ல இதுக்கு அடுப்புன்னு பேரு வச்சிருக்காங்க."

அடுப்பு.

1987இல் இந்த ஊரில் அவ்வளவு தாழ்வான, அவ்வளவு அழகான முன்பக்கம் கொண்ட ரிமோட் காரை வேறு யார் வரைந்தார்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

ஜூன் 14, வெள்ளி

பிரஷர் மாத்திரை வாங்க வேண்டும். வேறு ஒன்றுமில்லை.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத். இம்தியாஸுக்கு வாழ்த்து அனுப்பினேன். பதிலோடு ஒரு செய்தியும் வந்தது. வரும் ஞாயிறு கோயமுத்தூர் வருகிறாராம், வீட்டுக்கு வரலாமா என்று கேட்டிருக்கிறார். அவரிடம் ஒன்பது மின்னல் இருக்கின்றனவாம். சின்ன வயதில் அவருடைய மாமா வாங்கிக் கொடுத்த ஒன்று முதல், பழைய சாமான் கடைகளில் பொறுக்கியது வரை. மற்றவர்கள் வேண்டாம் என்று தூக்கிப்போட்டதை இவர் ஏன் சேர்க்கிறார் என்று புரியவில்லை.

கனகமணியிடம் இப்போதுதான் சொன்னேன். மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். "அதை எதுக்குங்க இப்பக் கிளறணும்?" என்றாள். கிளறுவதற்கு ஒன்றுமில்லை என்றேன்.

ஜூன் 23, ஞாயிறு

இம்தியாஸ் வந்துபோனார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த விரல்கள், பல் டாக்டருக்கு ஏற்றவை. மூன்று வண்டிகளைத் துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தார். சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்துக் கழற்றினார். திருகாணிகளைக் கழற்றிய வரிசையில் அடுக்கி வைத்தார். அது எனக்குப் பிடித்தது.

மூன்றிலும் ஒரே இடத்தில் தட்டு குழிந்து, பழுப்பேறி, கம்பியின் வடிவத்தில் அச்சு விழுந்திருந்தது. மீதி ஆறும் இப்படித்தான், படம் எடுத்து வைத்திருக்கிறேன் என்றார்.

பிறகு அவர் வந்த காரணத்தைச் சொன்னார். 1988 பிப்ரவரியில் திருப்பூரில் நடந்த தீ விபத்து. பனியன் தைக்கும் மாரப்பன் என்பவருடைய வீடு. எக்ஸ்போர்ட் ஆர்டரை நேரத்துக்கு முடித்துக் கொடுத்ததற்காக அவருடைய முதலாளி ஒரு மின்னலைப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். விளையாடிவிட்டு அணைக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்கள். சக்கரம் கட்டில் காலில் முட்டி நின்றுவிட்டது. கம்பி சூடேறிக்கொண்டே இருந்திருக்கிறது. பக்கத்தில் பனியன் துணி மூட்டை. மத்தியானம், கட்டிலில் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சுகந்தி என்று பெயர். ஐந்து வயது.

எனக்குத் தெரியாததா? ஆனாலும் அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

கம்பெனி அப்போது பேப்பரில் கொடுத்த விளக்கத்தை இம்தியாஸ் நகல் எடுத்து வைத்திருக்கிறார். கம்பிகளை ஈயம் உருக்கி இணைக்கும் சால்டரை ஒரு தொழிலாளி சரியாக வைக்காததால் மின்கசிவு என்று அதில் இருக்கிறது. சேகரிப்பவர்கள் எல்லோரும் இன்றுவரை அதைத்தான் நம்புகிறார்கள். இவர் நம்பவில்லை. எங்கள் கம்பெனியில் சால்டர் வைக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு வண்ணப் புள்ளி உண்டு. யார் செய்தது என்று தெரிவதற்காக. இவருடைய ஒன்பது வண்டிகளில் ஐந்தில் பச்சை, இரண்டில் சிவப்பு, இரண்டில் மஞ்சள். "மூணு பேர் கை சார். மூணு பேரும் ஒரே இடத்துல தப்பு பண்ண முடியுமா? சால்டர் எல்லாம் இன்னிக்கும் கல்லு மாதிரி நிக்குது. பிளாஸ்டிக்தான் போயிருக்கு."

பச்சைப் புள்ளி அமலோற்பவத்துடையது. கம்பெனி குற்றம் சாட்டியது அவளைத்தான். போத்தனூர்ப் பெண். வேலையை விட்டு நிறுத்தி, வழக்கும் போட்டார்கள். ஐந்து வருடம் நடந்து, சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுவித்தார்கள்.

இம்தியாஸ் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய் பீரோவிலிருந்து பழுப்பு நிற ஃபைலை எடுத்து வந்தேன். அதில் ஒரே ஒரு தாள். முதலாளிக்கு நான் எழுதிய குறிப்பு, தேதி 17.8.1987. சக்கரத்தை நிறுத்திப் பிடித்தால் நான்கு நிமிடத்தில் பேட்டரித் தட்டு இளகுகிறது, கம்பியை இடம் மாற்ற வேண்டும், அதுவரை உற்பத்தியை நிறுத்தி வைக்கலாம் என்று தட்டச்சு செய்தது.

இரண்டு தடவை படித்தார். கண் கலங்கிவிட்டது. "நீங்க முன்கூட்டியே சொல்லியிருக்கீங்க சார்" என்றார்.

இதை ஏன் கோர்ட்டில் காட்டவில்லை என்றும் கேட்டார். வேலை போய்விடும் என்ற பயம், கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம் என்றேன். அந்த வயதில் யாராக இருந்தாலும் பயப்படத்தான் செய்வார்கள் என்று அவரே எனக்காகச் சொன்னார்.

கனகமணி சாப்பிடச் சொல்லிக் கூப்பிட வரவே இல்லை. நானேதான் பரிமாறினேன்.

ஜூன் 24, திங்கள்

காப்பியில் சர்க்கரை இல்லை. கேட்டதற்கு டப்பாவை எடுத்து முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

ஜூன் 27, வியாழன்

இம்தியாஸ் கட்டுரை எழுத ஆரம்பித்துவிட்டார். ஜூலை 28 சென்னையில் அவர்களுடைய ஆண்டுக் கூட்டம். நான் போக வேண்டுமாம், சால்வை போடுவார்களாம். எச்சரித்தும் கேட்கப்படாத இன்ஜினியர் என்று பேச நினைத்திருக்கிறார். நான் இன்ஜினியர் அல்ல, டிப்ளமோ படித்த டிராஃப்ட்ஸ்மேன் என்றேன். அது இன்னும் பெரிய விஷயம் என்கிறார்.

"அந்த அம்மா பேர்ல இருக்கற களங்கமும் இதோட போயிடும் சார்."

அது உண்மைதான். மாலையில் நடக்கப் போனபோதும் அதையே யோசித்தேன். தாள் வெளியே வந்தால் அமலோற்பவம் மீது தவறில்லை என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். அவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? யாருக்கும் நஷ்டமில்லை. முதலாளியும் உயிரோடு இல்லை.

ஜூன் 30, ஞாயிறு

கனகமணி இன்று பேசினாள். கொள்ளுப் பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"சென்னைக்குப் போறீங்களா?"

போகலாம் என்றிருக்கிறேன் என்றேன்.

"அத டைப் அடிச்சவ நானுங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

"மார்ச் மாசம். தீப்பிடிச்சு மூணு வாரம் கழிச்சு. ஆகஸ்ட் மாசத் தேதி போடச் சொன்னீங்க. போட்டேன். முதலாளி உங்க மேல பழியத் திருப்பினா காட்டறதுக்கு வேணும்னீங்க. நமக்கு நிச்சயமாயிருந்துச்சு, செஞ்சேன். முதலாளி உங்க மேல திருப்பல. அந்தப் புள்ள மேல திருப்பிட்டாரு. அப்பவே கிழிச்சுப் போடுங்கன்னு சொன்னேன்."

அமலோற்பவத்துக்கும் இதனால் நல்லதுதானே என்றேன்.

"நல்லது செய்யறவங்க சால்வை போட்டுக்கிட்டா செய்வாங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள். கொள்ளு அடிப்பிடித்துவிட்டது.

ஜூலை 2, செவ்வாய்

இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை. ஆகவே உள்ளதை எழுதி வைக்கிறேன்.

முதலில் வரைந்தபோது கம்பியை முன்பக்கம், காற்றுப் படும் இடத்தில்தான் வைத்திருந்தேன். அப்படி வைத்தால் முன்மூடி பதினோரு மில்லிமீட்டர் உயர வேண்டும். வரைந்து பார்த்தால் வண்டி தவளை மாதிரி இருந்தது. முதலாளிக்குக் காட்டவே இல்லை. கம்பியைப் பேட்டரிக்கு அடியில் கொண்டு போனேன், மூடி தாழ்ந்தது. அதைப் பார்த்து முதலாளி என் தோளைத் தட்டினார். யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

சூட்டை நான் சோதித்துப் பார்க்கவும் இல்லை. நான்கு நிமிடத்தில் தட்டு இளகும் என்று தாளில் இருப்பது என் கண்டுபிடிப்பு அல்ல. யாருடையது என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

கோர்ட்டில் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். வடிவமைப்பில் குறை உண்டா? இல்லை, சால்டர் விட்டிருக்கிறது என்றேன். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. வெளியே வந்தபோது அமலோற்பவம் வராந்தாவில் நின்றிருந்தாள். எனக்கு வணக்கம் சொன்னாள்.

ஜூலை 5, வெள்ளி

கனகமணி ஒரு துண்டுச் சீட்டில் விலாசம் எழுதி டி.வி. மேல் வைத்திருந்தாள். போத்தனூரில் ஒரு சர்ச்சுக்குப் பின்னால். ஆறு வருடம் முன்பு சந்தையில் அமலோற்பவத்தைப் பார்த்தாளாம். கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஹாஸ்டலில் சமையலுக்குக் காய் நறுக்கும் வேலை என்று சொன்னாளாம். என்னிடம் சொல்ல இத்தனை நாள் தோன்றவில்லையா என்று கேட்டேன்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள்.

ஜூலை 9, செவ்வாய்

போத்தனூர் வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

ஜூலை 12, வெள்ளி

இன்று பார்த்தேன். எழுத முடிகிற வரை எழுதுகிறேன்.

ஒரே அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கதவு திறந்தே இருந்தது. தரையில் உட்கார்ந்து முறத்தில் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். கூட்டிப் பார்த்தால் அறுபத்துநான்கு வயது. தலை முழுக்க வெள்ளை. என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார்.

"வாங்க சார். யாராச்சும் இறந்துட்டாங்களா?"

இல்லை என்றேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அந்தக் காலத்தில் அவரை 'நீ' என்றுதான் பேசுவேன். இன்று வாய் வரவில்லை.

வீட்டில் இரண்டு நாளாக எழுதிப் பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது. "உங்க மேல தப்பில்லைங்க. வண்டியிலதான் தப்பு. நான் வரைஞ்சதுல" என்று மட்டும் சொன்னேன்.

அவருக்குப் புரியவில்லை. "சால்டர்?" என்றார்.

இம்தியாஸ் திறந்து பார்த்த ஒன்பது வண்டிகளைப் பற்றிச் சொன்னேன். அதில் ஐந்து அவர் கைப்பட்டது என்றேன். ஒரு சால்டர்கூட விடவில்லை, இத்தனை வருடம் கழித்தும் விடவில்லை என்றேன். நார் உரிப்பது நின்றுவிட்டது. 

"தீவாளிக்கு முன்னால ஒரு நாள் வண்டியத் தூக்கிட்டு உங்க டேபிளுக்கு வந்தனுங் சார். ஞாபகம் இருக்குதா?"

"இருக்குதுங்க."

"அடியில கை வெக்க முடியல, பிளாஸ்டிக் இளகுதுன்னேன். சக்கரத்தைப் பிடிச்சு நிறுத்தி நாலு நிமிசம் காட்டுனேன். நீங்க என்ன சொன்னீங்க?"

அவரே சொன்னார்.

"சால்டரைக் கட்டியா வெச்சா சூடு ஏறத்தான் செய்யும், போய் ஒழுங்கா வைன்னீங்க. அதுக்கப்புறம் ஒவ்வொண்ணையும் மூணு தடவ பாத்துப் பாத்து வெச்சேன். அப்படியும் அந்தப் புள்ள போயிருச்சு. எங்கியோ ஒண்ணு எங்கையில தவறிருச்சுன்னு நெனச்சுக்கிட்டேன். நீங்க படிச்சவங்க. கோர்ட்ல வேற சொன்னீங்க."

அவர் என்னை நம்பியிருக்கிறார். முப்பத்தாறு வருடமாக. பொய்ச் சாட்சி சொன்னேன் என்று என்னைச் சபித்துக்கொண்டிருப்பார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்தக் குழந்தையைக் கொன்றது தன் கை என்று நம்பிக்கொண்டு இந்த அறையில் இருந்திருக்கிறார்.

மெதுவாக ஒவ்வொன்றாகச் சொன்னார். நிச்சயமான கல்யாணம் வழக்கு வந்ததும் நின்றுபோனது. பிறகு கேட்டு வந்தவர்களைத் தானே வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். தங்கை பிள்ளைகளை ஒரு நாள்கூடத் தூக்கியதில்லை. ஒவ்வொரு வருடமும் பிப்ரவரி இருபதாம் தேதி திருப்பூருக்குப் போய் சுகந்தியின் வீட்டு வாசலில் நிற்பார். முதல் மூன்று வருடம் அந்தத் தாய் கதவைச் சாத்திக்கொண்டாள். நான்காம் வருடம் மாரப்பன் உள்ளே வரச் சொன்னார். அதன் பிறகு ஒரு வருடமும் தவறவில்லை. அந்தத் தாய் இறந்து இரண்டு வருடமாகிறது.

"கடைசியில ஆஸ்பத்திரியில எங்கையப் பிடிச்சுக்கிட்டு, உன்னை மன்னிச்சுட்டேன் அமலான்னு சொல்லுச்சு. அதை நான் எங்க கொண்டுபோய்த் திருப்பிக் குடுக்கறது சார்?"

சட்டைப் பையிலிருந்த காகிதத்தை எடுத்து நீட்டினேன். நடந்ததையெல்லாம் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டது. அவர் வாங்கவில்லை.

"இதை எனக்குக் குடுத்து என்ன பண்றது? மாரப்பண்ணன் இருக்காரு. திருப்பூர் வந்து அவருகிட்டச் சொல்லுங்க."

வருகிறேன் என்றேன். கிளம்பும்போது மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் முறத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

ஜூலை 13, சனி

இம்தியாஸுக்குப் போன் செய்தேன். தாள் பொய்த் தேதி போட்டது என்றேன். சூட்டைக் கண்டுபிடித்துச் சொன்னது அமலோற்பவம், விரட்டியது நான், பிறகு அவர் சொன்னதையே என் பெயரில் எழுதிக்கொண்டேன் என்றேன். சாட்சி சொன்னதையும் சொன்னேன். "நான் எழுதத்தான் செய்வேன் சார். எல்லாத்தையும்" என்றார்.

எழுதுங்கள் என்றேன்.

சென்னைப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

கனகமணி பக்கத்தில்தான் இருந்தாள். டைப் அடித்தது யார் என்று அவர் கேட்டாரா என்றாள். கேட்கவில்லை என்றேன். "கேட்டா எம்பேரச் சொல்லுங்க" என்றாள்.

ஜூலை 16, செவ்வாய்

தண்ணீர் வரவில்லை. லாரிக்குச் சொல்லியிருக்கிறோம். இடது காதில் இரைச்சல், டாக்டர் பிரஷரைப் பார்த்துவிட்டு மாத்திரையை மாற்றி எழுதினார். ஏதாவது கவலையா என்று கேட்டார்.

ஜூலை 18, வியாழன்

கட்டுரை வந்துவிட்டது. கனகமணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனில் படித்துக் காட்டினாள். முதல் பாதி முழுக்க வண்டியின் குறைகள், அளவுகளோடு. ஒரு தவறும் இல்லை. என்னைப் பற்றி எழுதியதிலும் ஒரு தவறும் இல்லை. அமலோற்பவம் சொன்னதை அவர் சொன்னபடியே போட்டிருக்கிறார். இவரே போத்தனூருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

கீழே பலர் எழுதியிருந்தார்கள். சிலதை அவள் படிக்காமல் தள்ளிக்கொண்டு போனாள். நான் கேட்கவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

அமலோற்பவம் திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி எனக்காக நின்றிருந்தார். நான் வேறு பஸ்ஸில் போனேன். சேர்ந்து போகலாம் என்று நான் கேட்டதற்கு அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

மாரப்பன் வீடு ஒரு லைன் வீட்டில் மூன்றாவது கதவு. எழுபதைத் தாண்டிய மனிதர். இன்னும் வீட்டிலேயே பனியனில் நூல் பிசிர் வெட்டுகிறார், கத்தரிக்கோல் மடியில் இருந்தது. அமலோற்பவத்தைப் பார்த்ததும், "என்ன புள்ள, பிப்ரவரி இல்லாம வந்திருக்கற?" என்று கேட்டார். என்னைப் பற்றி அமலோற்பவம் சொன்னது, இவர்தான் அந்த வண்டியை வரைந்தவர் என்பது மட்டுமே.

நின்றுகொண்டே சொன்னேன். எதையும் விடவில்லை. மாரப்பன் கத்தரிக்கோலை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். சுவரில் சுகந்தியின் படம் இல்லை. தீயில் எல்லாப் படமும் போய்விட்டது என்று அமலோற்பவம் வரும் வழியில் சொல்லியிருந்தார்.

முடித்ததும் மாரப்பன் கேட்டது ஒன்றுதான்.

"எங்க முதலாளி அதை எங்கையில குடுத்தப்ப, அது சுடும்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் நான் அந்த அறையில் இல்லாதது மாதிரி ஆகிவிட்டது.

அமலோற்பவம் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். மாரப்பன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் கோணியது. கோபமா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

"அப்ப இனி நீ வர மாட்டியா?" என்று கேட்டார்.

அமலோற்பவம் தலை நிமிர்ந்தார்.

"அவ பேரச் சொல்றதுக்கு வேற ஆருமில்ல புள்ள" என்றார் மாரப்பன்.

"வர்றனுங்ணா" என்றார் அமலோற்பவம். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இனிச் சும்மா வர்றேன்."

மாரப்பன் தலையாட்டினார். மறுபடி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார். அமலோற்பவம் குவியலிலிருந்து ஒரு பனியனை எடுத்து விரித்து அவர் பக்கம் நகர்த்தினார். என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. சிறிது நேரம் நின்றேன். பிறகு வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டேன்.